ஈரல் என்று சொல்ல வெட்கப்பட்டேன்

என் வயிற்றுக்குள் ஆண்டவர் செய்த நன்மையையும், அதற்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்கிற உங்களில் ஒருவருக்காவது உதவினால் போதும்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு இட்லிக்கே வயிறு முட்டியது. வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு வாங்கியது. தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர்களின் நம்பரைச் சரிபார்ப்பது என் வேலை. அவற்றை அடுக்கிவைக்கும் யார்டில் பாதி தூரம் நடப்பதற்குள் உட்கார இடம் தேடினேன்.

வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தேன். ஈரலில் பெரிய சிஸ்ட், சர்ஜனைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. கட்டி என்றாலே புற்றுநோய்தான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சர்ஜனைப் பார்க்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் சபையில் இருபது வருடமாகக் குடிக்கு எதிராகப் பேசுகிறவன் நான்தான். நாசரேத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பிறந்தவன், அதட்டித்தான் பேசுவேன். குடித்தால் ஈரல் போய்விடும் என்று மைக்கில் கத்தாத கூட்டம் கிடையாது. நம் பக்கத்தில் ஒருவனுக்கு ஈரலில் கோளாறு என்றால், எந்தக் கடையில் குடித்தான் என்றுதான் கேட்பார்கள். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? ஊருக்குத்தான் உபதேசம் என்று சிரிக்க மாட்டார்களா?

ரிப்போர்ட்டை ஒளித்துவைத்தேன். மனைவி கிருபாவிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் வேண்டுகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதை எடுத்து வாசிப்பவன் நான். "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரனின் வயிற்று நோவுக்காக" என்று நானே எழுதிப் போட்டு, நானே எடுத்து, நானே வாசித்தேன். சபையார் எல்லாரும் முழங்காலில் நின்று எனக்காக அழுதார்கள், நான்தான் என்று தெரியாமலே. தனியே இருக்கும்போது என் ஜெபம் ஒன்றுதான். ஒருவருக்கும் தெரியாமல் இதைக் கரைத்துவிடும், ஆண்டவரே.

ஐந்து வாரம் ஆயிற்று. கரையவில்லை. சட்டைதான் தொளதொளத்தது. சாவுக்குப் பயந்தேன். ஊர்ப் பேச்சுக்கு அதைவிடப் பயந்தேன். இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

ஐந்தாம் வெள்ளி கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கிருபா கதவைச் சாத்தினாள்.

"அஞ்சு வாரமா பேரில்லாத சகோதரனுக்கு ஜெபிக்கேன். ரெண்டு இட்லிய முழுங்க முடியாத மனுசன் நம்ம வீட்டுலதான் இருக்காரு. ஆண்டவருக்கு உங்க பேரு தெரியாதா? யாருக்குப் பயந்து மறைக்கீய?"

உடைந்து அழுதேன். ரிப்போர்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இருவரும் முழங்காலில் நின்றோம். இந்த முறை கரைக்கச் சொல்லவில்லை. வழியைக் காட்டும், வெட்கத்தை எடுத்துப்போடும் என்று மட்டும் கேட்டேன்.

திருநெல்வேலியில் ஒரு சர்ஜனிடம் போனோம். குடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இதற்காகவா ஐந்து வாரம் செத்துப் பிழைத்தேன்! சி.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது வெறும் நீர்க்கட்டி மாதிரிதான் தெரியுது சார். குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சின்னதா இருந்தா தொடவே மாட்டோம். இது பெருசாகி வயித்த அமுக்குது."

ஊசியால் நீரை எடுத்தால் மறுபடி நிறைந்துவிடலாமாம். அதனால் வயிற்றில் நான்கு சிறு துளை போட்டு, கேமரா வழியே பார்த்து, நீரை உறிஞ்சிவிட்டுக் கட்டியின் மேல்தோலை வெட்டி எடுத்தார்கள். கண் விழித்தபோது நான்கு சின்ன பிளாஸ்திரிதான் இருந்தது. மறுநாள் நடந்தேன். மூன்றாம் நாள் வீட்டில் இருந்தேன். அடுத்த வாரம் சதைப் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. கிருபா "ஸ்தோத்திரம்" என்றாள். சில நாளில் சாளை மீன் குழம்பை ஊற்றி இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜெபமா, ஆபரேஷனா என்று சிலர் கேட்கிறார்கள். நான் கரைக்கச் சொன்னேன். ஆண்டவர் உறிஞ்சி எடுக்க ஆள் வைத்திருந்தார். நான் போகத்தான் தாமதம்.

உடம்பு தேறியதும் மைக்கைப் பிடித்து, அந்தச் சகோதரன் நான்தான் என்று சபையில் சொன்னேன். சிரித்தார்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு வாசலில் ஒருவர் நின்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கண் மஞ்சளாக இருந்தது.

"எனக்கும் ஈரல்தான் அண்ணாச்சி. ஆனா நான் குடிச்சவன். சொன்னா வைவீயன்னு பயந்து, இத்தன நாளா யாருட்டயும் சொல்லல."

என் நாக்குக்குப் பயந்து ஒரு மனிதர் நோவோடு ஒளிந்திருக்கிறார். எனக்குப் பிரசங்கம் எதுவும் வரவில்லை. "காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருங்க தம்பி, ரெண்டு பேருமா போவோம்" என்றேன்.

அவர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. சிகிச்சை நடக்கிறது, ஜெபமும் நடக்கிறது. நோவைச் சொல்ல வெட்கப்பட்டுப் புழுங்குகிறவர்களே, ஆண்டவரை நம்பி வாயைத் திறங்கள். எப்படி வந்தது என்று நான் கேட்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறேன்.