கார் இல்லாதவர்களுக்குத்தான் வீடு

மதுராந்தகம் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. வாசலிலேயே பஸ் நிற்கும். அதனால் கார் நிறுத்த இடமே விடவில்லை. அந்த இடத்தில் கூடுதலாகப் பன்னிரண்டு வீடு கட்டினார்கள். அதில் ஒன்று, என் வீட்டுக்குப் பக்கத்து வீடு, ஆதியம்மாளுக்குக் கிடைத்தது. குடும்பத்தில் யாராவது கார் வாங்கினால் வீடு பறிபோகும் என்பது நிபந்தனை. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். காராவது ஒன்றாவது!

செங்கல்பட்டில் ஒரு விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை. முன்பெல்லாம் விடியுமுன் மூன்று கிலோமீட்டர் நடந்து கருங்குழிக்கு வந்து பஸ் பிடிப்பாள். இங்கே வந்த பிறகுதான் உட்கார்ந்து காபி குடிக்கிறேன் என்று பீற்றிக்கொள்வாள்.

அந்த நிம்மதிக்கு மகன் சூர்யா உலை வைத்தான். மாமல்லபுரத்துக்குச் சவாரி ஓட்ட ஒரு பழைய கார் வாங்கிவிட்டான். ஆர்.சி. புத்தகம் சிநேகிதன் குமார் பேரில். கருங்குழியில் குமார் வீட்டுப் பக்கம் காரை விட்டுவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வருவான்.

மூன்று மாதமாக, கீழே ஹாரன் கேட்டாலே ஆதியம்மாள் ஜன்னலுக்கு ஓடுவாள். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும். என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். அதை வெளியே சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போன வியாழக்கிழமை வீட்டுவசதி வாரிய அதிகாரி காயத்ரி, யாரிடமாவது கார் இருக்கிறதா என்று சோதனைக்கு வந்தார். எங்களை வாசலில் வரிசையாக நிறுத்தி விசாரித்தார். ஆதியம்மாள் முறை வந்தது.

"உங்க பேர்லயோ பிள்ளைங்க பேர்லயோ கார் இருக்கா?"

"இல்லீங்கம்மா. எங்களுக்கு ரயிலு போதும்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அதிகாரி அதை எழுதி முடிக்கவில்லை, வெள்ளைக் கார் ஒன்று எதிரே வந்து நின்றது. முன்கண்ணாடியில் சாமி பேரோ அம்மா பேரோ எழுதாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு வண்டி ஓடாதே! முழ நீளத்துக்குச் சிவப்பு எழுத்தில் 'ஆதியம்மாள் துணை'. சோதனை நடப்பது தெரியாமல், புதிதாக எழுதிய பேரை அம்மாவிடம் காட்டும் ஆசையில், சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு இறங்கினான் சூர்யா.

"எம்மா, இங்க பாரு, உன் பேரு எய்திக்கிறேன்! பேரு எய்தின வண்டில நீதான் மொதல்ல ஏறணும்!"

அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார்.

"யாரு வண்டி இது?"

குமார் வண்டி என்று சொன்னால் போதும், ஆர்.சி. புத்தகமும் அதையே சொல்லும். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். பாழாய்ப்போன அந்தப் பிள்ளையோ பழத்தை நீட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றான். ஆதியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எம் புள்ள வண்டிதாம்மா," என்றாள். "அதுல இருக்கிறது எம் பேருதான்."