கத்தி வேண்டாம் என்ற நல்ல செய்தி

முந்தாநாள் தின்ற கொண்டைக்கடலை முழுசுமுழுசாக வாந்தியில் வந்து விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். மலேசியாவில், பாசிர் கூடாங் ஆலைகளில் முப்பது வருஷம் குழாய் பொருத்தியவர். அடைப்பு தானாகத் திறக்காது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் வயிற்றை மட்டும் இரண்டு மாதம் ஓமத் தண்ணீரால் ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

வார்டுக்கு வெளியே மருத்துவர் என்னையும் அண்ணியையும் நிறுத்தி மலாயில் சொன்னார். இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் புற்றுநோய்க் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. அண்ணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: அவரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? இந்தக் கேள்வியை எங்கள் ஆட்களிடமிருந்து நிறையக் கேட்டுப் பழகிய முகம் மருத்துவருக்கு. நோயாளி கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்றார். அண்ணன் கேட்கமாட்டார் என்று நாங்களே முடிவு செய்தோம். கட்டிக்குப் புண் என்று பெயர் வைத்தோம்.

வழி இரண்டு இருந்தது. வாய் வழியாகக் கேமராக் குழாயை இறக்கி, அடைத்த இடத்தில் கம்பிவலைக் குழாய் ஒன்றை விரித்துவிடலாம். இரண்டொரு நாளில் கஞ்சி இறங்கும். சில மாதங்களில் மறுபடி அடைக்கவும் கூடும். அல்லது வயிற்றைத் திறந்து, அடைப்பைத் தாண்டி, இரைப்பையைக் குடலோடு இணைக்கலாம். ஆற வாரக்கணக்காகும், நீண்ட நாள் தாங்கும். மருத்துவர் முதலாவதைச் சொன்னார்.

எனக்குச் சந்தேகம் பிடித்தது. ஏன் சின்னது? அறுவைக்கு இடமில்லையா, ஆளில்லையா, எங்கள் முகத்தைப் பார்த்து இது போதும் என்று நினைத்துவிட்டார்களா? லிப்டில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். தாதிகள் சிரித்தால் எங்களைப் பற்றி என்று பட்டது. மெதுவாகப் பேசினால் எதையோ மறைக்கிறார்கள் என்று பட்டது. மறைத்துக்கொண்டிருந்தது நாங்கள். கத்தி வேண்டாம் என்று கேட்டதும் நெஞ்சுக்குள் இறங்கிய நிம்மதி அண்ணனுக்கானதா, ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்காரத் தேவையில்லாத எனக்கானதா? அந்தக் கேள்வியோடு அதிக நேரம் நிற்க எனக்குத் துணிவில்லை.

அண்ணி குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போனார். அண்ணனின் மூக்குக் குழாயில் பச்சை நீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நல்ல செய்தி என்று ஆரம்பித்தேன். வெட்டு இல்லை, தையல் இல்லை, சின்ன வேலை, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு வால்வை நம்பலாமா என்று பார்க்கிற பார்வை.

"பிளாண்ட்ல பைப் லைன் கெட்டா ரெண்டு வேலதான் தம்பி. ரொம்ப வருசம் ஓடணும்னா வெட்டி புது லைன் போடுவோம். கொஞ்ச நாள்ல மூடப் போற லைன்னா, ஓட்டை மேல கிளாம்ப் ஒண்ணு மாட்டிட்டுப் போயிருவோம்." மூச்சு வாங்கினார். "என்னை எப்ப மூடுறாங்களாம்?"

"புண்ணுதாண்ணே."

"புண்ணுக்கு ஏன்டா உங்க அண்ணி பாத்ரூம்ல தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழுவுறா?"

அவரைத் தேற்றக் கொண்டுவந்த செய்திதான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அண்ணன் மருத்துவரை வரச் சொன்னார். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணனுக்கு நேரே உட்கார்ந்தார். மாதமா வருஷமா என்று அண்ணன் மலாயில் கேட்டார். மாதங்கள் என்றார் அவர், குரலைத் தாழ்த்தாமல். வெட்டினால் அதில் எத்தனை வாரம் படுக்கையிலேயே போகும் என்று அடுத்த கேள்வி. ஒரு மாதம்கூட ஆகலாம். அண்ணன் சம்மதத் தாளை வாங்கி, வேலைக்கு முன் கொடுக்கும் பாதுகாப்புப் படிவத்தைப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தார். கம்பிவலைக்குக் கையெழுத்திட்டார். சந்தேகப்பட்டது நான், விசாரித்து முடிவெடுத்தது அவர்.

மருத்துவர் போனதும் அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார்.

"போனைக் குடு. உங்க அண்ணி வந்ததும், எனக்குத் தெரியும்னு நானே சொல்லிக்கிறேன். நீ கூப்பிட்டு முந்திக்கிருவ."

கொடுத்தேன். தலையணைக்கடியில் வைத்து, அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.