சித்தையன்கோட்டை வண்டியின் இடது கால்

வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக் கையிலெடுத்து, கவிழ்த்து, அடிப்பாகத்தை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் பிரிஸ்கில்லா. செருப்புக்குச் சொந்தக்காரர் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து நெளிகிறார்.

"அதைப் போயி எதுக்கும்மா தொட்டுக்கிட்டு? கவுத்து வேற பிடிக்கிறீங்க. வீட்டுல சண்டை வரும்பாங்க."

"சண்டை வந்தா வரட்டும்ணே. வெளிப்பக்கம் மட்டும் ஏன் இம்புட்டுத் தேஞ்சு கெடக்கு, அதைச் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. தன் செருப்பு எந்தப் பக்கம் தேய்கிறது என்று யார் பார்த்துவைத்திருக்கிறார்கள்?

திண்டுக்கல் நாகல் நகரில், ஒரு பூட்டுக்கடையை ஒட்டிய ஒற்றை அறைதான் அவருடைய பிசியோதெரபி நிலையம். ஒரு உயரமான கட்டில், சுவரில் கொக்கி போட்டு மாட்டிய ரப்பர் பட்டைகள், மணல் நிரப்பிய சின்னச் சின்ன மூட்டைகள், ஒரு சிலுவை, அதற்குப் பக்கத்திலேயே எலும்புக்கூட்டுப் படம். நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறார். காற்றுக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வருகிறவர் பஸ்ஸிலிருந்து எந்தக் காலை முதலில் கீழே வைக்கிறார், சாலையைக் கடக்கும்போது எந்தத் தோள் இறங்குகிறது என்பதெல்லாம் அந்த ஜன்னலில் தெரியும். அவர் உள்ளே வந்து வணக்கம் சொல்வதற்குள் பாதி விசாரணை முடிந்திருக்கும்.

பெயர்கள் மட்டும் அவர் மனதில் நிற்பதே இல்லை. 'தோல் குடோன் குதிகால்', 'பூ மார்க்கெட் வலது முட்டி' என்றுதான் ஆட்களைச் சொல்வார். கணவர் ஜெரின் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு இதில் தீராத குறை. "கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சிய ஏறிட்டுப் பாக்க மாட்டா. பந்தியில உக்காந்து, 'மாப்பிள்ளைக்கு முட்டி உள்ள மடங்குதுங்க, அஞ்சாறு வருசத்துல வலி வரும்'னு எங்காதுல ஓதுறா. அப்புறம் எனக்குப் பிரியாணி எறங்குமா?"

மோகன்குமாருக்கு பிரிஸ்கில்லா வைத்த பெயர், 'சித்தையன்கோட்டை வண்டி இடது கால்'.

மோகன்குமார் திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாகச் சித்தையன்கோட்டை போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த ஒரே தடத்தில், அந்த ஒரே முதலாளியிடம். போன வருடம் ஆடியில் இடது காலில் வலி வந்தது. முட்டிக்கு வெளிப்பக்கம் சுள்ளென்று இழுத்தது. தைலம் தேய்த்தார். இடுப்புக்கு பெல்ட் போட்டார். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார் என்று இடது காலை மடக்கி வலது பக்கமாக இழுத்து இழுத்துப் பயிற்சி செய்தார். வலி கூடியது. இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. ஓடும் வண்டியின் படியில் காலை வைத்துத் தாவுகிறவர், நிற்கும் வண்டியில் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏற ஆரம்பித்தார். முதலாளி அதைப் பார்த்துவிட்டார். "தை மாசம் வரைக்கும் பாப்போம் மோகன். ஏறி எறங்க ஏலலைன்னா சங்கடப்படாம சொல்லிரு. வேற ஆள் பாக்கணும்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் மோகன்குமாருக்கு அதிகம் பயமாக இருந்தது.

எலும்பு டாக்டர் முதுகை ஸ்கேன் எடுத்தார். ஜவ்வு ஒன்று லேசாகப் பிதுங்கியிருந்தது. "இது உங்க வயசுல நெறையப் பேருக்கு இருக்கும். உங்க வலி இங்கயிருந்துதான் வருதான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நாகல் நகர்ல பிரிஸ்கில்லான்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்க பாத்துச் சொல்லட்டும்" என்று அனுப்பிவைத்தார்.

ஸ்கேன் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவரிடமிருந்து அதை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்து, மேசையில் வைத்துவிட்டு, "நடங்கண்ணே" என்றார் பிரிஸ்கில்லா. சுவரிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து சுவருக்கு. கட்டிலில் படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே உயர்த்தினார். வலிக்கவில்லை. முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்தினார். முட்டியைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். ஒன்றும் இல்லை. கீழே இறங்கச் சொன்னார்.

"இடது காலை மட்டும் ஊனி நில்லுங்க. பிடிமானத்துக்குச் செவுத்துல ஒரு விரல் வச்சுக்கங்க. உங்க வண்டி எங்கெங்க நிக்கும், சொல்லுங்க பாப்போம்."

ஒற்றைக் காலில் நின்றபடி மோகன்குமார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்தார். பேகம்பூர் தாண்டி இரண்டு நிறுத்தம் சொன்னார். செம்பட்டி வருவதற்குள் முகம் கோணியது. "வந்துருச்சும்மா!"

அந்த நொடியில் பிரிஸ்கில்லாவின் கட்டைவிரல் அவருடைய இடது இடுப்பின் பக்கவாட்டில், துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் போய் அழுந்தியது.

"ஆத்தாடி!" என்று மோகன்குமார் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பூட்டுக்கடையில் அரம் ஓய்ந்தது. வலி தணிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "நான் முட்டியைத்தானம்மா காட்டுனேன். காட்டாத எடத்துல எப்பிடிக் கையை வச்சீங்க?"

"வலி ஊர்வலம் போகும்ணே. தொடை வழியா முட்டி வரைக்கும் போயிட்டு வரும். ஆனா அதுக்கு வீடு இதுதான். இந்த எலும்பு மேல தசைநார் ஒண்ணு படுத்திருக்கு. அது நசுங்கி நசுங்கி நொந்து போயிருக்கு. நீங்க காலை அந்தப் பக்கம் இழுத்து இழுத்து அதை இன்னும் நசுக்கியிருக்கீங்க."

இழுக்கும் பயிற்சியை அன்றே நிறுத்தினார். வலப்பக்கம் படுத்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைக்கச் சொன்னார். கால்மேல் கால் போடக்கூடாது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்க வேண்டும். இரண்டு டிரிப்புக்கு நடுவில் கொஞ்சம் பக்கவாட்டில் நடக்க வேண்டும். அந்தக் கடைசிப் பயிற்சி பஸ் ஸ்டாண்டுக்கே வேடிக்கையானது. டிரைவர் அய்யனார் ஹாரனை அடித்துக் கூப்பிடுவார்: "ஏலே நண்டு! வண்டி கெளம்புது. நேரா வாரியா, இல்ல இப்பிடியே செம்பட்டி வரைக்கும் போறியா?"

இரவு வலி குறைந்தது. ஆனால் கடைசி டிரிப் முடிந்து இறங்கும்போது வலி பழையபடி வந்து நின்றது. கார்த்திகை போய் மார்கழி பிறந்தது. மோகன்குமார் மனதுக்குள் தை மாதத்தை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார். பிரிஸ்கில்லாவோ வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க நாம கட்டுறதை அங்க ஏதோ ஒண்ணு தெனமும் இடிக்குது. வண்டியில எப்பிடிண்ணே நிப்பீங்க?"

"நேராத்தாம்மா."

"சாஞ்சு நிப்பீங்களோ?"

"சாயுறதாவது! கூட்டத்துல அதுக்கு எடம் ஏது?" என்று எழுந்து நின்று காட்டினார். கொடியேற்றத்தில் நிற்பவர் போல நின்றார்.

பிரிஸ்கில்லா சிரித்துவிட்டார். "எம் முன்னாடி எல்லாருமே போட்டோவுக்கு நிக்கிற மாதிரிதாண்ணே நிக்கிறாங்க."

அதற்கடுத்த சனிக்கிழமை மதியம், அவர் நிலையத்தைப் பூட்டிவிட்டு சித்தையன்கோட்டை வண்டியில் ஏறினார். செம்பட்டிக்கு டிக்கெட் வாங்கினார். பின்படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்று, மோகன்குமாரின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். மோகன்குமாருக்குப் பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்பது போல இருந்தது. பேகம்பூர் வரை விறைப்பாக நின்றார். அங்கே கூட்டம் ஏறியது. சில்லறையும் விசிலும் டிக்கெட்டும் என்று கை ஓட ஆரம்பித்ததும் பிரிஸ்கில்லாவை அவர் மறந்துபோனார். கால்கள் தம் வழக்கத்துக்குத் திரும்பின. பிரிஸ்கில்லா அதைப் பார்த்தார்.

செம்பட்டியில் இறங்கினார். அந்த வண்டி சித்தையன்கோட்டை போய்த் திரும்பும்வரை காத்திருந்து மறுபடி அதிலேயே ஏறியபோது, கையில் ஒரு துணிப்பை இருந்தது. முன்பக்கத்தில் மூன்றாவது சீட்டின் முதுகு முடியும் இரும்பு மூலையில் பையை மாட்டினார். பிறகு பழைய இடத்தில் போய் நின்றுகொண்டார்.

வண்டி நிரம்பியது. மோகன்குமார் முன்னால் வந்தார். இரண்டு கைக்கும் வேலை இருந்தது. இடது இடுப்பு தானாக ஒருபக்கம் ஒடிந்தது. உடம்பின் மொத்தப் பாரமும் இடது காலில் இறங்க, இடுப்பின் பக்கவாட்டைக் கொண்டுபோய் அந்த மூலையில் முட்டுக்கொடுத்தார்.

'சதக்' என்றது.

துள்ளி விலகிக் குனிந்து பார்த்தார். காக்கிப் பேண்ட்டில் சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. "யாரு பை இது? தக்காளியைக் கொண்டாந்து எவன் இங்க தொங்கவிட்டது?"

"ரசத்துக்குக் கரைச்சுட்டியே அப்பு! இனிப் புளி மட்டும் போட்டாப் போதும்" என்றாள் சீட்டில் இருந்த மூக்காயி. வாரம் தவறாமல் அந்த வண்டியில் கத்தரிக்காய்க் கூடையோடு வருகிறவள். பஸ் முழுவதும் சிரித்தது.

"பை என்னோடதுதாண்ணே" என்று பின்னாலிருந்து பிரிஸ்கில்லாவின் குரல் வந்தது. "நேராத்தான் நிக்கிறேன்னு சொன்னீங்களே?"

மோகன்குமார் கறையைப் பார்த்தார். அன்றைக்குக் கட்டைவிரல் அழுந்திய இடம், இம்மி பிசகாமல் அதே இடம். பையைக் கழற்றினார். அடியில் இருந்த இரும்பைப் பார்த்தார். வண்டியில் மற்ற சீட்டுகளின் மூலைகளெல்லாம் பச்சைப் பெயிண்ட்டோடு இருந்தன. இது ஒன்று மட்டும் வெள்ளிக் காப்பு போலப் பளபளவென்று மின்னியது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். எத்தனை ஆயிரம் தடவை இந்த வண்டியில் முன்னும் பின்னும் நடந்திருப்பார்! இதை அவர் பார்த்ததே இல்லை. இரும்பையே மழுங்கவைத்த இடுப்பு தன்னுடையது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தூரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை தெரியும் வரையில் அவர் கையை எடுக்கவில்லை.

"பெயிண்ட்டைத் தின்னது நீதானா? மொதலாளிகிட்டச் சொல்லவா?" என்றார் அய்யனார், கண்ணாடியில் பார்த்தபடி.

பழகிய உடம்பின் பழக்கத்தை மாற்றுவது லேசில்லை. பிரிஸ்கில்லா பின்னும் பல தடவை அந்த வண்டியில் போனார். கம்பிக்கு முதுகைக் கொடு, பக்கத்தைக் கொடுக்காதே. பாதங்களை அகட்டி வை. முட்டியை லேசாக இளக்கு. டிக்கெட் பையை வலது தோளுக்கு மாற்று. கூட்டத்துக்கு நடுவே ஒரு வார்த்தை பேசாமல், தன் காலை அசைத்துக் காட்டியே சொல்லிக்கொடுத்தார். மோகன்குமார் மறந்துபோய் ஒடிந்து நின்றால், மூக்காயி கூடைக்குள்ளிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து நீட்டுவாள். "வைக்கவா அப்பு?" என்பாள்.

தை பிறந்து, பழனிக்கு நடந்து போகும் கூட்டம் ரோட்டோரம் நிறைந்திருந்த ஒரு காலையில் முதலாளி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வண்டி நகர்ந்த பிறகு ஓடி வந்து, இடது காலைப் படியில் ஊன்றி மோகன்குமார் ஏறியதைப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வேறு ஆள் பேச்சு அதன்பின் எழவில்லை.

மாசியில் ஒரு நாள் சாயங்காலம், செம்பட்டியில் பிரிஸ்கில்லா ஏறினார். அங்கே ஒரு வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்குக் கைகால் பழக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மோகன்குமாருக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அந்தப் பார்வை தன் இடது காலில் வந்து இறங்கியதை அவர் திரும்பாமலே உணர்ந்தார். டிக்கெட் கொடுத்தார், சில்லறை கொடுத்தார், கூட்டத்தில் புகுந்து பின்னால் போய்த் திரும்பி வந்தார். இரும்பு மூலையைக் கடந்தார். பரீட்சை எழுதியவர் போல பிரிஸ்கில்லாவின் சீட்டருகில் வந்து நின்றார்.

"பாத்தாச்சாம்மா?"

பிரிஸ்கில்லா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். இந்த வண்டியில் அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

அடுத்த நிறுத்தத்தில் ஆள் இறங்கியது. மோகன்குமார் விசிலை உதடு வரை கொண்டுபோனார். ஊதவில்லை. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கையை வெளியே நீட்டி வண்டியின் தகரத்தை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.