கம்பி நுனி

"…ஒண்ணுமில்லட்டி, புதுப்பட்டுல்லா, ஜரிகை உரசுது" என்று, ஏன் கழுத்தைத் தேய்க்கிறாள் எனக் கேட்ட என்னிடம் சொன்னபடி முந்தானையால் கழுத்தோரத்தை மூடினாள் பக்கத்து வீட்டு அக்கா. சங்கரன்கோவில் மண்டபத்தில் அன்று அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். நூலோடு மெல்லிய கம்பியையும் சேர்த்து முதன்முறையாக நான் குரோஷா ஊசியால் பின்னிய நெக்லஸ்தான் அவள் கழுத்தில் கிடந்தது.

நூல் என்றால் நுனியை வெட்டி உள்ளே செருகினால் போதும். கம்பி நுனியையும் மடக்காமல் அப்படியே செருகிவிட்டேன். கொடுக்கும்போதே அது என் விரலில் குத்தியது. நாலு பேர் பார்த்துப் புகழ வேண்டுமே என்ற ஆசையில் வாயைத் திறக்கவில்லை.

நெக்லஸ் யார் செய்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் அக்கா என்னைக் கைகாட்டினாள். முந்தானை விலகியபோதுதான் ரத்தக் கீறல்களைப் பார்த்தேன். எனக்குத் தலைகுனிவு வரக்கூடாதென்று மறைத்திருக்கிறாள். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"குத்தும்னு தெரிஞ்சேதான் தந்தேங்க்கா" என்றேன்.

அக்கா நெக்லஸைக் கழற்றி, என் கழுத்தில் மாட்டிவிட்டுப் பந்தி பார்க்கப் போனாள்.