மல்லிகைக் கொடிக்குள் ஒரு தொலைபேசிக் கம்பி

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுப் பின்மதிலைத் தாண்டி ஒரு கம்பி சென்றது. வருகிறவர்கள் கேட்டால், மல்லிகை படர்வதற்காகக் கட்டியது என்பேன். அது தொலைபேசிக் கம்பி.

தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது நாங்கள் அந்த மதிலால் குதித்துப் பின்வீட்டுச் சிங்கள அன்பரிடம் ஒளிந்திருந்தோம். வடக்கில் புகையிரத நிலைய அதிபராக இருந்து தமிழ் பழகியவர் அவர். அவரிடம் தொலைபேசி இல்லை. எங்களுடையதோ கும்பல் புகுந்த வீட்டுக்குள். எவருக்கும் அறிவிக்க வழியில்லை. கலவரம் ஓய்ந்ததும் எங்கள் இணைப்பிலிருந்து அவருடைய பின்னறைக்கு ஒரு கிளை இழுத்தேன், அனுமதி பெறாமல். அரசாங்க உத்தியோகத்தனான என்னைப் பற்றி ஊர் பேசக் கூடாது என்பதற்காகவே மல்லிகையை நட்டேன்.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் கனடாவில் மகளுக்கு விவாகப் பதிவு நிச்சயமாயிற்று. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. திரையிலாவது காண்போம் என்று, அதே செம்புக் கம்பி வழியாக இணையம் எடுத்தேன். மகளின் முகம் பாதிச் சொல்லில் உறைந்து நிற்கும்.

"இதுக்கு அவளின்ர படத்தையே பாத்துக்கொண்டிருக்கலாம்," என்றாள் மனைவி.

தொலைபேசி அலுவலகத்திலிருந்து பழுது பார்க்க வந்தவர், வெளிக்கம்பி நன்றாயிருப்பதாகச் சொல்லி, "வீட்டுக்குள்ள வேற கிளை இருக்கா சேர்?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். அப்படிச் சொன்னபின், வேலை என்னுடையதாயிற்று.

கம்பி வீட்டுக்குள் நுழையும் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் கழற்றி, மோடத்தை மாத்திரம் அங்கே பொருத்தினேன். மகளின் முகம் தெளிந்தது. கூடத்துத் தொலைபேசியை, இணையச் சமிக்ஞை அதற்குள் புகாமல் தடுக்கும் வடிகட்டியுடன் திரும்ப இணைத்தேன், குறைவில்லை. மல்லிகைக் கம்பியை இணைத்ததும் முகம் உறைந்தது. சமிக்ஞை அந்த நீண்ட கிளையின் முனைவரை ஓடித் திரும்பி, தன்னையே குழப்பிக்கொண்டிருந்தது.

"அப்ப வெட்டுங்கோவன்!" என்றாள் மனைவி.

மதிலுக்கு மேலால் அன்பரும், சிங்களத்தில் ஐயா என விளித்து, "வெட்டுங்கோ மஹத்தயா. என்னட்ட மொபைல் இருக்குத்தானே," என்றார்.

"அதுக்கு உங்கட வீட்டுக்குள்ள சிக்னல் வாறதில்லை."

"முற்றத்துக்கு வந்து பேசுவன். மகள்ட கல்யாணம் ஒருக்காத்தான்!"

அந்த வாரம் எங்கள் ஒழுங்கையில் வீடுவீடாகச் சோதனை நடந்திருந்தது; மறுபடியும் மதிலால் குதித்து ஒளிய நேரலாம். "வெட்டேலாது. எனக்கு இரண்டும் வேணும்," என்றேன்.

"பிடிச்சா உடும்புதான்," என்று முணுமுணுத்துக்கொண்டு மனைவி உள்ளே போனாள்.

மோடத்துடன் தந்த ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி, பேச்சையும் இணையத்தையும் வேறாக்குவது. அதை எல்லோரையும் போல நானும் கணினி மேசையில் வைத்திருந்தேன். கிளையோ அதற்கு முன்னமே பிரிந்துவிடுகிறது. ஆகவே அதைக் கம்பி நுழையும் இடத்துக்கே கொண்டுபோனேன். சுவரில் துளையிட்டு, இணையத்துக்கென ஒரு தனிக் கம்பியை மோடம்வரை இழுத்தேன். கூடத்துத் தொலைபேசியையும் மல்லிகைக் கம்பியையும் பேச்சுக்குரிய வாயிலில் இணைத்தேன். மதிலுக்கு அப்பால் இனிப் பேச்சு மட்டுமே போகும். கழன்ற மூட்டுகளை மீண்டும் முறுக்கி, பச்சை பிடித்த முனைகளைச் சுரண்டி முடிக்கையில் நகக்கண்களில் இரத்தம் கசிந்தது.

பதிவு நாளன்று மகள் பேனாவை எடுத்தபோது அவளுடைய வளையல்கள்கூடத் தெரிந்தன. அந்நேரம் இரு வீடுகளிலும் தொலைபேசி மணி அடித்தது. மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். படம் உறையவில்லை, மணி நின்றது.

மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: "மஹத்தயா, யாழ்ப்பாணத்திலயிருந்து உங்கட தங்கச்சி! முடிஞ்சுதோ எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?"

"கையெழுத்து வைக்கிறாள் எண்டு சொல்லுங்கோ," என்றேன், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.