கிழக்குச் சுவரில் ஒரு குழாய்

காளானை இன்றைக்கும் நான் வாயில் வைப்பதில்லை. கலியாண வீட்டில் யாராவது அதைக் கறியென்று கொண்டுவந்து பரிமாறினால், இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சும்மா இருப்பேன். பக்கத்தில் இருப்பவர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். ஐந்து மாதம் அந்தச் சனியனோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தியவள் நான்.

பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் உள்ளே வராது. நிலாவெளியில் புதிதாக எழும்பிய ஹோட்டலில் வெள்ளைக்காரர் காளான் கேட்கிறார்கள், தகரத்தில் அடைத்தது இப்போது வருவதில்லை என்று என் கணவருக்கு யாரோ ஓதிவிட்டார்கள். அவர் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். எதையும் பாதி கேட்டு முழுதாய் நம்பும் மனுசன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாப் பக்கத்திலிருந்து ஒரு லொறி வைக்கோல் வந்து எங்கள் வாசலில் இறங்கியது. என் தையல் மெஷினை விறாந்தைக்குத் தள்ளிவிட்டு, ஊறவைத்த வைக்கோலைப் பின்னறை முழுக்க மெத்தை மெத்தையாக அடுக்கிப் பொலித்தீனால் மூடினார்.

ஒரு கிழமைக்குள் வீடு நாறத் தொடங்கியது. மாட்டு மூத்திரமும் நனைந்த சாக்கும் சேர்ந்த நாற்றம். பின்னறைக் கதவைத் திறந்தால் கஞ்சிப் பானை மூடியைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும் வெக்கை. சுவரெல்லாம் வியர்த்து வழுவழுத்தது. சீனி உருகியது, நெருப்புக்குச்சி பற்றவில்லை, அலுமாரியில் இருந்த என் கூறைச் சேலையில் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம். ஒருநாள் என் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பி திருத்த எடுத்தேன். அதில் ஒரு நத்தை எச்சில் கோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. அன்றைக்கு ஓங்காளித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். இப்படி ஒரு அரியண்டத்தை நான் கண்டதில்லை.

இதெல்லாம் போகட்டும் என்று விடலாம். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு மூச்சு முட்டு. எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அறைச் சுவர்கள் கூரைவரைக்கும் போகாமல் பாதியில் நின்றுவிடும். ஓர் அறையில் இருமினால் மற்ற அறையில் கேட்கும், ஓர் அறையில் நாறினாலும் அப்படித்தான். அந்த ஆனி மாதத்தில் பிள்ளை மூச்சுக்கு இழுத்த இழுப்பைப் பார்த்த அப்போதிக்கரி என்னைத்தான் ஏசினார்.

"இந்தக் காத்து வீட்டுக்குள்ள நிண்டால் பிள்ளைக்கு ஏலாது. ஒண்டில் அதைத் தூக்கி எறியுங்கோ, இல்லாட்டி காத்தை வெளியில விடுங்கோ."

எறியுங்கோ என்று நான் காலில் விழாத குறை. "முளைச்சிட்டுது, இனிப் போய் எறியச் சொல்லுறீரே" என்று கணவர் கெஞ்சினார். உடைத்த கப்பலொன்றிலிருந்து, காற்றை வெளியே தள்ளும் காற்றாடியை ஏலத்தில் எடுத்துவந்தார். தகரக் குழாய் ஒன்றும் வந்தது. பாலையூற்றிலிருந்து ஒரு மேசனைக் கூப்பிட்டோம்.

மேசன் அறையைச் சுற்றிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். "குழாயைக் கூரைக்கு மேல ஒரு நாலடி எழுப்புவம் டீச்சர். நுனியில ஒரு தகரத் தொப்பி. காத்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அது பாட்டுக்குக் கொண்டுபோயிடும்."

"நாங்கள் என்ன பேக்கரியா நடத்திறம்? ரோட்டால போற பிள்ளையள் புகைபோக்கி டீச்சர் எண்டு பட்டம் தெளிக்குங்கள். சுவரில ஓட்டை போட்டு விடுங்கோ" என்றேன்.

"எந்தச் சுவரில?"

முன்பக்கம் ரோட்டு. பின்பக்கம் ஒட்டினாற்போல் அடுத்த வளவின் மதில். மேற்கே எங்கள் கிணறும் குசினியும். கிழக்குச் சுவரைக் காட்டினேன். அதற்கு அங்கால் ஒரு கிடுகு வேலி, வேலிக்கு அங்கால் அயல்வீட்டு யன்னல். அந்த யன்னலை நான் கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய். மேசனும் பார்த்துவிட்டு, "அங்கால சனம் இருக்குதே" என்று இழுத்தான்.

"வெளியில போனாப் பிறகு காத்து எல்லாருக்கும் பொதுதானே" என்றேன். அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தனக்குத் தனக்கென்றால் சுளகு படக்குப் படக்கென்னும் என்று தன்னலக்காரரைப் பற்றிய பழமொழியை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய்தான் இது.

அயல்வீட்டுக்காரி கிண்ணியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருசனுக்குக் கடைத்தெருவில் புடவைக்கடை. அவளுடைய வயதான வாப்பாவும் அவர்களோடு இருந்தார். அந்த யன்னலடியில் இருந்து பேப்பரை உரத்து வாசிப்பார். என் மகளை வேலியடியில் கண்டால் "ஏழெட்டு எத்தனை புள்ள?" என்பார். இவள் "அம்பத்தாறு" என்று கத்திக்கொண்டு ஓடுவாள்.

குழாய் பூட்டியதும் கச்சான் காற்று மேற்கிலிருந்து வந்து, காற்றாடி தள்ளியதையெல்லாம் வாங்கிக்கொண்டு போனது. வீடு காய்ந்தது. மகள் நாய்க்குட்டி போல ஓடித் திரிந்தாள். கணவர் கிழமைக்கு இரண்டு தரம் கூடையோடு நிலாவெளி பஸ் ஏறினார். அயல்வீட்டு யன்னல் மட்டும் சாத்தியே கிடந்தது. கச்சானுக்குப் புழுதி அடிக்கும், எல்லாரும் சாத்துவதுதான் என்று நினைத்தேன். பெரியவரையும் காணவில்லை. கேட்டதற்கு, "குறிஞ்சாக்கேணியில தங்கச்சி வீட்ட போயிரிக்கார் டீச்சர்" என்றாள் அவள். மகள் வீட்டுக்குப் போகாத தகப்பன் உண்டா? அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், வானம் கறுத்து, வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியது. முதல் வீச்சிலேயே கிழக்குக் குழாய்க்குள் காற்று நேரே புகுந்தது. காற்றாடி முனகிக்கொண்டு நின்றுவிட்டது. நாலு மாதம் வெளியே தள்ளிய அவ்வளவு ஊத்தையும் திரும்பி வந்தது போல, வெக்கையும் நாற்றமும் சுவருக்கு மேலால் வீடு முழுக்க இறங்கின. கணவர் சாக்கை எடுத்துக் குழாயை அடைக்க ஓடினார். அதற்குள் மகள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு நெஞ்சைப் பிடித்தாள். உதடு நீலம் பாய்ந்தது. முதுகைத் தடவுவதைத் தவிர எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

படலையைத் தள்ளிக்கொண்டு அயல்வீட்டுக்காரி மழையில் வந்தாள். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

"காத்து திரும்பினதும் நெனச்சன், இனி உங்கட பக்கந்தான் வரும் எண்டு. புள்ளயத் தாங்க டீச்சர். எங்கட வீட்டுல இப்ப நல்ல காத்து."

பிள்ளையை வாங்கிக்கொண்டு அவள் முன்னால் நடக்க, நான் பின்னால் ஓடினேன். அந்த யன்னல் இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தது. கிழக்கு வாசலால் கடல் காற்று நேரே உள்ளே வந்து அதனூடே வெளியே போனது. யன்னலடியில் ஒரு கட்டில், அதில் மடித்து வைத்த, ஆண்கள் கட்டும் ஒரு சாரம். பிள்ளையைத் தலையணையில் சாய்த்து இருத்தினாள், சுடுதண்ணீர் பருக்கினாள். அரை மணித்தியாலத்தில் இழுப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. பிள்ளை கண்ணயர்ந்தாள்.

"ஆருடைய கட்டில் இது?" என்று கேட்டேன்.

"வாப்பாட." அந்தச் சாரத்தைத் தலைமாட்டுக்கு நகர்த்தினாள். "அவருக்கும் முட்டுத்தான் டீச்சர். குழாய் வெச்ச கிழமையில ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம்."

"ஏன் என்னட்ட ஒரு வார்த்தை சொல்லேல்ல?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டன். வாப்பாதான் விடல்ல. இஞ்சால வராட்டி அந்தக் காத்து அந்தப் புள்ளைக்குப் போகும், அவள் சின்னவள், நான் குறிஞ்சாக்கேணிக்குப் போறன் எண்டார்." பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். "இப்பக் காத்து திரும்பிட்டுதே. இனி அடுத்த கச்சான் வரைக்கும் அவர் இஞ்ச இரிக்கலாம்."

அவள் குத்திக்காட்டவில்லை. ஒரு கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். என் சேலையிலும் தலைமயிரிலும் அந்த நாற்றம் ஏறியிருந்தது எனக்கே மணத்தது. அந்தக் கட்டிலில் இருக்கக் கூசி எழும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பொலித்தீனைக் கிழித்தேன். "திங்கக்கிழமை ஹோட்டலுக்குக் குடுக்கவேணும், உமக்கென்ன விசரே?" என்று கணவர் வாசலை மறித்தார். அவர் காலில் படப் பட வைக்கோலை இழுத்து மழைக்குள் எறிந்தேன். சொதசொதவென்று, புழுவும் பூஞ்சணமும், வெள்ளை வெள்ளையாய் மொட்டும். பிறகு அவரும் வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

மூன்றாம் நாள் பெரியவர் வந்து சேர்ந்தார். நான் முற்றத்தில் மிச்ச வைக்கோலை அள்ளிக்கொண்டிருந்தேன். மெலிந்து, தோளெலும்பு துருத்திக்கொண்டு, யன்னலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"புள்ளைக்கு மூச்சு எப்பிடி டீச்சர்?" என்றார்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். கையிலிருந்த வைக்கோலைப் போட்டுவிட்டு, மகளைக் கூட்டிவந்து வேலியடியில் அவர் முன்னால் நிறுத்தினேன்.