முப்பத்தேழு மில்லிமீட்டர் பீரங்கிக்கு எத்தனை மார்க்?

கிள்ளானிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் பிரிக்பீல்ட்ஸுக்கு பஸ்ஸில் வந்திருக்கிறீர்களா? ஃபெடரல் ஹைவே ஜாமில் வெந்து, சட்டை முதுகோடு ஒட்டி... போன மாதம் அப்படி வந்து இறங்கியவனை வாசலிலேயே மடக்கி, "தம்பி, நீதான் அம்பயர். இந்தப் பீரங்கிக்கு நியாயமா ஒரு மார்க் போடு" என்றால் எப்படி இருக்கும்?

ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டேன்.

மடக்கியவர் ஜெகா அண்ணன். சர்வே இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஹாலில் ஒரு பிங்பாங் மேசை. அதன்மேல் பச்சைத் துணி, அட்டை வீடுகள், கட்டைவிரல் அளவில் டாங்கிகள். இரண்டாம் உலகப் போரை நாங்கள் நாலைந்து பேர் சனிக்கிழமைதோறும் அங்கே மறுபடி நடத்துகிறோம். ஸ்கேல் வைத்து டாங்கியை நகர்த்துவோம். சுட்டால் குண்டு கவசத்தைத் துளைத்ததா இல்லையா என்பதை டைஸும் ஒரு மார்க் பட்டியலும் சொல்லும். இந்த வயதிலா என்று கேட்காதீர்கள். என் வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

அண்ணன் எப்போதும் ஜெர்மன். எதிரில் பிரெஞ்சுப் படையோடு தேவி அக்கா — அவர் மனைவி. ஆமாம், மனைவியேதான்! கணக்கு டீச்சராக இருந்தவர். பிள்ளைகள் மெல்போர்ன் போன பிறகு வீடு வெறிச்சோடியது. அண்ணனுக்கு எதிரில் உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்கா உட்கார்ந்தார்.

அங்கேதான் வினை. போர் தொடங்கிய புதிதில் ஜெர்மன் டாங்கிகள் ஒன்றும் ராட்சசர்கள் அல்ல. சிலவற்றில் வெறும் மெஷின் கன்தான். நல்ல டாங்கி என்று பெயர் வாங்கியவற்றில்கூட முப்பத்தேழு மில்லிமீட்டர் பீரங்கி. பிரெஞ்சுக்காரனின் கனத்த டாங்கியில் பட்டால் குண்டு தெறித்து விழும். அந்த ரகப் பீரங்கிக்குக் 'கதவு தட்டுகிற கருவி' என்று ஜெர்மன் சிப்பாய்களே பெயர் வைத்துச் சிரித்தார்களாம். அக்கா தன் கனத்த டாங்கிகளை நடுவில் நிறுத்திவிட்டு நிதானமாக டீ குடிப்பார். அண்ணன் தட்டித் தட்டித் தோற்பார்.

அதனால்தான் அன்றைக்கு அண்ணனே எழுதிய புதுப் பட்டியல். முப்பத்தேழு மில்லிமீட்டருக்கு மார்க் தாராளமாக ஏறியிருந்தது.

"ஜெர்மன்காரன் ஆறே வாரத்துல பிரான்ஸைப் பிடிச்சான். பீரங்கி வீக்குன்னா எப்படிப் பிடிச்சிருப்பான்? லாஜிக் வேணும்லா!"

"ஜெயிச்சவன் கையில இருந்ததெல்லாம் நல்ல சாமான்னு அர்த்தமா அண்ணே?"

"இது யார் வீடு?"

இதற்கு மேல் அம்பயர் என்ன பேச முடியும்?

அன்று அக்காவின் டாங்கிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. அக்கா டைஸை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த சனிக்கிழமை ஹால் பக்கமே வரவில்லை.

டீ கிளாஸைக் கொண்டுபோய் வைக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

"விளையாட்டுதானே அக்கா..."

"விளையாட்டுதான் தம்பி. ஆனா வேலை, பிள்ளைங்க படிப்பு, வீடு... எல்லாத்துலயும் அவர் வச்சதுதான் ரூல்ஸ். நானும் சரின்னுட்டேன். அந்த மேசையில மட்டும்தான் டைஸ் சொல்றதை ரெண்டு பேரும் கேட்டோம். அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு." அடுப்பை அணைத்தார். "மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. சனிக்கிழமையை விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான் இருந்தேன். இனிமே என்ன?"

கிளாஸை வைத்துவிட்டு வந்தேன்.

அண்ணன் எங்களோடு விளையாடி ஜெயித்தார். மறுபடியும் ஜெயித்தார். ஜெயிக்க ஜெயிக்க மனிதர் வாடிக்கொண்டே போனார். ஒருநாள் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவர், சாப்பிடாமல் நிமிர்ந்தார்.

"அவ பேசுறா தம்பி. சாப்பாடு ரெடிங்கிறா, கரண்ட் பில் வந்திருக்குங்கிறா. அவ்வளவுதான்... அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது?"

இத்தனை வருஷக் குடித்தனம், கேள்வியைப் பாருங்கள்! அறிவுரை சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. "வாயால சொல்லுங்கண்ணே" என்றேன்.

சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அக்கா ஹாலில் இருந்தார்.

"பழைய மார்க்தான். ஆனா இன்னைக்கு ஜெர்மன் எனக்கு. நீங்க பிரெஞ்சு" என்றார் அண்ணனிடம். "அப்புறம், நீங்க எல்லாரும் தாண்டிப் போறீங்களே, அந்தப் பக்கத்தையும் சேர்த்து விளையாடணும்."

விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கம் ரேடியோவைப் பற்றியது. ஆட்டம் இழுக்கும் என்று நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. ஜெர்மன் டாங்கிகளுக்குள் ரேடியோவில் பேச்சு உண்டு. மேல்கூண்டில் சுட ஒருவன், குண்டு போட ஒருவன், சுற்றிலும் பார்த்து உத்தரவு கொடுக்கத் தனியாக ஒருவன். பிரெஞ்சுக் கூண்டில் ஒரே ஆள்! பார்ப்பதும் அவன்தான், குண்டு போடுவதும் அவன்தான், சுடுவதும் அவன்தான். அதனால் ஜெர்மன் டாங்கி முந்தி நகரலாம்.

அக்கா அண்ணனுடைய கனத்த டாங்கிகளை முன்னாலிருந்து சுடவே இல்லை. சுற்றிக்கொண்டு போனார். அண்ணன் ஒன்றைத் திருப்புவதற்குள் இன்னொன்றின் பின்பக்கத்தில் அக்கா நின்றார். டீ வருவதற்குள் பிரெஞ்சுப் படை துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. அந்தச் சின்னப் பீரங்கி அதே மார்க்கில்தான் இருந்தது.

அண்ணன் மேசையையே பார்த்தார். "அப்ப பீரங்கியில இல்லையா விஷயம்?"

"விடை சரியா இருக்குன்னு எல்லா ஸ்டெப்புக்கும் மார்க் போட முடியாதுங்க" என்றார் அக்கா.

அண்ணன் சிரித்தார். எத்தனை வாரம் கழித்து! அக்காவும் சிரித்தார். சுபம் என்று இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மெல்போர்ன் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அக்கா அதை மாற்றவில்லை. மகளோடு மூன்று மாதம். அண்ணனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம், வரவில்லை என்றுவிட்டார்.

சுபாங் ஏர்போர்ட்டில் அண்ணன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அவரைப் பாத்துக்குங்க தம்பி. வாராவாரம் தோக்கடிச்சிடுங்க. ஜெயிச்சா அவருக்கு உடம்புக்கு ஆகல."

சரி என்று தலையாட்டினேன்... பாவம், அக்கா என் ஆட்டத்தைக் கவனித்துப் பார்த்ததே இல்லை போலும்.